சுண்டெலி ஆய்வில் எண்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே காணாமல் போகின்றன

"எலிகளிடம் பதற்றத்தைக் குறைத்த மூலிகை", "ஞாபகமறதிக்குப் புது மருந்து, எலிகளில் வெற்றி" என்கிற மாதிரி தலைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும், அதில் ஒரு வரைபடம், வரைபடத்தில் ஒரு குட்டைக் கம்பமும் ஒரு நெட்டைக் கம்பமும், நெட்டைக் கம்பத்தின் தலையில், வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறியது என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி. செய்தி எழுதுபவர் பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தோடு நின்றுவிடுகிறார். புள்ளியியல் படிக்காதவர்களும் அதற்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம், சில கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில், எலியின் பதற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? அதிகம் பயன்படுவது எலிவேட்டட் பிளஸ் மேஸ் என்கிற சாதனம். கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேடை, தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் நிற்கும். நான்கு கைகளில் இரண்டுக்குப் பக்கச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. சுண்டெலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் மேலிருந்து வீடியோ எடுக்கிறார்கள். சுண்டெலிக்குத் திறந்த உயரமான இடம் என்றால் பயம், ஆனால் புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையும் உண்டு. திறந்த கைகளில் அதிக நேரம் செலவிட்டால் பதற்றம் குறைவு என்று கணக்கு. அவ்வளவுதான் சோதனை. ஒரு எலிக்கு ஐந்து நிமிடம், கடைசியில் கையில் இருப்பது "திறந்த கையில் 62 நொடி" போன்ற ஓர் எண்.

அந்த ஓர் எண்ணுக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். எலி தலையை மட்டும் திறந்த கைக்குள் நீட்டினால் அது "நுழைந்தது" என்று ஆகுமா, நான்கு கால்களும் வைத்தால்தானா? மேடையிலிருந்து கீழே விழுந்த எலியைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? ஐந்து நிமிடமும் ஒரே மூலையில் உறைந்து நின்ற எலியை என்ன செய்வது? இவற்றுக்கெல்லாம் நியாயமான பதில்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன, எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. ஆனால் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தேர்ந்தாக வேண்டும், தேர்ந்ததைக் கட்டுரையில் எழுதியாக வேண்டும். எந்த எலிக்கு மருந்து போனது என்று தெரிந்த ஒருவர் வீடியோவைப் பார்த்துக் கணக்கெடுக்கும்போது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சந்தேகமான இடங்களில் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால்தான் குழு தெரியாமல் கணக்கெடுப்பது, எலிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பது என்கிற இரண்டையும் அடிப்படைத் தேவையாகச் சொல்கிறார்கள்.

நடைமுறை எப்படி இருந்தது? விலங்குகளைப் பயன்படுத்திய 271 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. அவற்றில் 87 சதவீதம் குலுக்கல் முறை பற்றி எதுவும் சொல்லவில்லை, 86 சதவீதம் குழு தெரியாமல் கணக்கெடுத்ததாகச் சொல்லவில்லை. எத்தனை விலங்குகள், எந்த வகை, ஆய்வின் நோக்கம் என்ன என்கிற மிகச் சாதாரண விவரங்களை முழுமையாகச் சொன்னவை 59 சதவீதம் மட்டுமே. இந்தக் கணக்கெடுப்பிலிருந்து பிறந்ததுதான், ஆய்வுகளில் விலங்குகளைப் பயன்படுத்துவதைக் குறைக்கவும் மேம்படுத்தவும் உழைக்கும் பிரிட்டனின் என்சி3ஆர்ஸ் அமைப்பு 2010-ல் வெளியிட்ட அரைவ் வழிகாட்டி, விலங்கு ஆய்வுக் கட்டுரையில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும் என்கிற பட்டியல். 20 அம்சங்கள் இருந்தும் பலர் பின்பற்றாததால் 2020-ல் திருத்தி, தவிர்க்கவே கூடாத 10 அம்சங்களைத் தனியாகப் பிரித்து வெளியிட்டார்கள்.

சரி, இப்போது வரைபடத்துக்கு வருவோம். கம்பத்தின் தலையில் மேலும் கீழுமாக ஒரு சின்னக் கோடு இருக்கும். அது எதைக் காட்டுகிறது என்று படத்தின் கீழே உள்ள குறிப்பில் பாருங்கள். திட்டவிலக்கம் என்றால் எலிக்கு எலி எவ்வளவு வேறுபாடு என்று அர்த்தம். திட்டப்பிழை என்றால் அந்தத் திட்டவிலக்கத்தை எலிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது, சராசரியை எவ்வளவு துல்லியமாக அறிகிறோம் என்று காட்டுவது. 10 எலிகள், திட்டவிலக்கம் 30 நொடி என்றால் திட்டப்பிழை 9.5 நொடிதான். கோடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், படம் பார்க்க அழகாக இருக்கும், எலிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்கிற தோற்றம் வந்துவிடும். திட்டப்பிழையைக் காட்டுவது ஏமாற்று வேலை இல்லை, ஆனால் எதைக் காட்டுகிறோம் என்று சொல்லாமல் விடுவது நிச்சயம் தவறு. என்னைக் கேட்டால் 10 எலிகள் உள்ள ஆய்வில் கம்பமே தேவையில்லை, 10 புள்ளிகளை அப்படியே வைத்துவிடலாம். ஒன்பது எலிகள் ஒரு பக்கமும் ஒரே ஒரு எலி எங்கோ உச்சியிலும் இருந்தால் புள்ளிகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும், கம்பம் அதை மூடி மறைத்துவிடும்.

அடுத்ததுதான் மிக முக்கியம், இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள். கட்டுரையில் எண்ணிக்கையைக் குறிக்க "என் = 20" என்று இருந்தால் 20 என்ன, எலிகளா, அளவுகளா?

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே போடுவோம். மருந்து கொடுக்காத 10 எலிகள், மருந்து கொடுத்த 10 எலிகள். முதல் குழு திறந்த கையில் சராசரியாக 60 நொடி, இரண்டாவது குழு 80 நொடி. இரண்டு குழுவிலும் திட்டவிலக்கம் 30. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை போட்டால் டி மதிப்பு 1.49, பி மதிப்பு சுமார் 0.15. அதாவது மருந்துக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ 100-ல் 15 முறை தற்செயலாகவே வந்துவிடும். பி மதிப்பு 0.05-க்குக் கீழே போனால்தான் நட்சத்திரம் போடுவது வழக்கம், எனவே இங்கே நட்சத்திரம் கிடையாது. இப்போது அதே எலிகளை இன்னொரு நாளும் மேடையில் விட்டு, இரண்டு நாள் அளவுகளையும் தனித்தனி எலிகளைப் போல எண்ணிக் குழுவுக்கு 20 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியும் திட்டவிலக்கமும் அப்படியே இருக்கட்டும். டி மதிப்பு 2.11 ஆகிவிடும், பி மதிப்பு 0.04 என்று இறங்கிவிடும், நட்சத்திரம் வந்துவிடும். புதிதாக ஒரு எலிகூட வரவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு ஊரில் பத்து வீட்டைக் கேட்டதாக எழுதிக்கொள்வது போலத்தான் இது.

இதன் இன்னொரு வடிவம் கண்ணில் படுவதே கடினம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், ஒரே தாயின் கருப்பையும் ஒரே தாயின் வளர்ப்பும் அவற்றுக்குப் பொது. கர்ப்பமாக இருந்த தாய்க்கு மருந்து கொடுத்து, பிறந்த எட்டுக் குட்டிகளைச் சோதித்தால் உண்மையில் மருந்து பெற்றது ஒரு தாய்தான், எனவே எண்ணிக்கை எட்டு ஆகாது, ஒன்று. ஒரே கூண்டில் வளரும் எலிகளுக்கும் இதே கதை. அதில் ஒன்று முரடாக இருந்தால் மற்றவை எல்லாம் அடங்கிப்போகும், அப்போது நாம் அளப்பது மருந்தின் விளைவையா, அந்த முரடனின் விளைவையா என்று பிரித்தே சொல்ல முடியாது. நரம்பியல் கட்டுரைகள் 314-ஐ ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் 53 சதவீதத்தில் இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தரவு இருப்பதாக 2014-ல் எழுதியது. அடங்கிய தரவு இருப்பது குற்றமில்லை, அதற்கென்று கணக்கு முறைகள் இருக்கின்றன, ஆனால் எந்த எலி எந்த ஈற்று, எந்தக் கூண்டு என்று எழுதி வைத்திருந்தால்தான் அவற்றைப் பயன்படுத்தவே முடியும்.

நல்லவேளையாக, வாசகர் இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. டி மதிப்பை எழுதும்போது பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்கிற எண்ணையும் எழுதுவது முறை. சாதாரண இரண்டு குழு டி சோதனையில் அது மொத்த எண்ணிக்கையில் 2 குறைவு. 20 எலிகள் என்றால் 18 இருக்க வேண்டும். 20 எலிகள் என்று முறைகள் பகுதியில் எழுதிவிட்டு முடிவுகளில் 38 என்று இருந்தால், எங்கோ இரட்டிப்பாக எண்ணியிருக்கிறார்கள். 17 என்று இருந்தால் ஓர் எலி சொல்லாமல் கொள்ளாமல் விடப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். வெறும் "பி < 0.05" என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால் இதனால்தான், சரிபார்க்க இருந்த ஒரு வாசலையும் அடைத்துவிடுகிறார்கள். சராசரியையும் இப்படிச் சோதிக்கலாம். எலி திறந்த கைக்குள் எத்தனை முறை போனது என்பது முழு எண், அரை முறை போக முடியாது. 10 எலிகளின் சராசரி 4.3 ஆக இருக்கலாம், 4.4 ஆக இருக்கலாம், 4.37 ஆக இருக்கவே முடியாது. அப்படி ஓர் எண் அச்சாகியிருந்தால் எலிகளின் எண்ணிக்கை தவறு, இல்லையென்றால் சராசரி தவறு.

இன்னொரு பிழை, படித்தவர்களே அதிகம் செய்வது. ஆண் எலிகளில் பி மதிப்பு 0.03, பெண் எலிகளில் 0.15, எனவே "இந்த மருந்து ஆண்களுக்கு மட்டுமே வேலை செய்கிறது" என்கிற முடிவு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு பி மதிப்புகளிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மருந்தின் விளைவில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்பதைத் தனியாக ஒரு சோதனை போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து முன்னணி ஆய்விதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளை 2011-ல் பார்த்தபோது, இந்தப் பிழைக்கு வாய்ப்பிருந்த 157 கட்டுரைகளில் 78 சரியாகச் செய்திருந்தன, 79 தவறாகச் செய்திருந்தன. பாதிக்குப் பாதி!

அப்புறம், வீடியோவிலிருந்து கணினி எடுத்துத் தரும் அளவுகள் ஒன்றிரண்டு கிடையாது. திறந்த கையில் இருந்த நேரம், நுழைந்த எண்ணிக்கை, நடுவில் நின்ற நேரம், நடந்த தூரம், வேகம், கீழே எட்டிப்பார்த்த எண்ணிக்கை, முதல்முறை நுழைய ஆன நேரம் என்று நீண்டுகொண்டே போகும். ஒன்றையொன்று சாராத 20 அளவுகளைச் சோதித்தால், மருந்து வெறும் தண்ணீராகவே இருந்தாலும், குறைந்தது ஒன்றிலாவது நட்சத்திரம் விழ 64 சதவீதம் வாய்ப்பு. 20-ஐயும் சொல்லி, அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினால் நேர்மை. விழுந்த ஒன்றை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு அது கண்டுபிடிப்பு மாதிரித் தெரியும்.

எலிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் பெரிய சிக்கல். புதிர்ப்பாதைச் சோதனைகளைப் பற்றி 2013-ல் வந்த ஒரு கணக்கு: ஆண், பெண் எலிகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தை, எலி நீந்தி வழி தேடும் நீர்த்தொட்டிச் சோதனையில் 80 சதவீத நம்பகத்துடன் பிடிக்க 134 விலங்குகள் தேவை, ஆனால் ஆய்வுகள் சராசரியாகப் பயன்படுத்தியது 22. சில எலிகளையே பயன்படுத்துவது இரக்கம் என்று தோன்றலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத ஓர் ஆய்வில் 22 உயிர்கள் போவதை இரக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் எலிகள் இடத்துக்கு இடம் மாறி நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ல் அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லாந்து, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களின் ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து, எட்டு மரபு வகை சுண்டெலிகளை ஒரே மாதிரிச் சாதனங்களில், ஒரே முறையில், முடிந்தவரை ஒரே சூழலில் சோதித்தன. ஆனாலும் கிட்டத்தட்ட எல்லா அளவுகளிலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வித்தியாசம் வந்தது. எந்த வகை எலி அதிகம் மது குடிக்கும் என்பது போன்ற சில விஷயங்கள் மூன்று இடத்திலும் ஒத்துப்போயின, பிளஸ் மேஸ் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2014-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் காட்டியது: சோதனை செய்பவர் ஆணாக இருந்தால், அவர் அணிந்த டி-ஷர்ட்டின் வாசனை பட்டால்கூட, எலிகளுக்கு மன அழுத்தம் கூடி வலி உணர்வு குறைகிறது. யார் சோதித்தார், எந்த நேரத்தில், எந்த வகை எலி என்பதெல்லாம் வெற்று விவரங்கள் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சி57பிஎல்/6 என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் மரபு வகை எலிகளிலேயே ஜே, என் என்று இரண்டு கிளைகள் இருக்கின்றன, 1951-ல் பிரிந்தவை, மரபணுவிலும் நடத்தையிலும் இன்று வேறுபடுபவை. எந்தக் கிளை என்று எழுதாத கட்டுரையை இன்னொருவர் செய்துபார்க்கவே முடியாது.

இவ்வளவு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, மூலத் தரவில். நம் கதையின் வருத்தமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ட்சுயோஷி மியகாவா ஜப்பானைச் சேர்ந்த நரம்பியலாளர், சுண்டெலிகளின் நடத்தையைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர், மாலிக்யூலர் பிரெய்ன் என்ற ஆய்விதழின் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். 2017 முதல் தன் கைக்கு வந்த 180 கட்டுரைகளில் 41-க்கு, மதிப்பாய்வுக்கு அனுப்பும் முன் மூலத் தரவை அனுப்புங்கள் என்று கேட்டார். 21 கட்டுரைகளைத் தரவு தராமலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி 20-ல் 19-க்கு வந்த தரவு போதுமானதாக இல்லை, நிராகரித்தார். 41-ல் தேறியது ஒன்று. 2020-ல் இதைத் தன் இதழிலேயே தலையங்கமாக எழுதினார். தரவே இல்லாமல் எழுதப்பட்ட கட்டுரைகளும் இவற்றில் இருக்கலாமோ என்ற சந்தேகத்தை அவர் வெளிப்படையாகவே எழுப்பினார். தரவு தராத ஒவ்வொருவரும் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன், கோப்புகளை ஒழுங்காக வைக்காதவர்கள், மாணவர் படிப்பை முடித்துப் போனதும் கணினியும் போய்விட்டது என்கிறவர்கள் நிறைய. ஆனால் வாசகருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை, அதுதான் பிரச்சினை.

"தரவு வேண்டுவோர் ஆசிரியரைக் கேட்டுப் பெறலாம்" என்ற ஒரு வரி பல கட்டுரைகளின் கடைசியில் இருக்கும். அந்த வரியை நம்பி 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு குழு எழுதிப் பார்த்தது. 93 சதவீதம் பேர் பதில் போடவில்லை அல்லது மறுத்தார்கள், தரவு தந்தது 122 பேர். 2022-ல் வெளிவந்த முடிவு இது. ஆண்டுகள் ஆக ஆக நிலைமை இன்னும் மோசம். 516 உயிரியல் ஆய்வுகளைப் பின்தொடர்ந்த வேறோர் ஆய்வு, தரவு உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் 17 சதவீதம் குறைகிறது என்று 2014-ல் சொன்னது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஏஎல்எஸ் நோயாளிகளைக் கேட்க வேண்டும். உடல் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் அது. அந்த நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் பலனளித்ததாகப் பல மருந்துகளைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. அமெரிக்காவின் ஏஎல்எஸ் தெரபி டெவலப்மென்ட் இன்ஸ்டிடியூட் 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை, ஈற்று, ஆண் பெண் எல்லாவற்றையும் கவனித்துச் சமன்செய்து, சுமார் 18,000 எலிகளில் சோதித்து 2008-ல் முடிவைச் சொன்னது. எந்த மருந்தும் ஆயுளைக் கூட்டவில்லை. முந்தைய வெற்றிகளில் பெரும்பாலானவை தற்செயல் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்றார்கள். அப்படி எலிகளில் "வென்ற" மினோசைக்ளின் அதற்குள் மனிதர்களிடம் போயிருந்தது. 412 நோயாளிகள் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2007-ல் வந்தது, மருந்து எடுத்தவர்களின் நிலை மற்றவர்களைவிட வேகமாக மோசமானது.

தரவைப் பகிர்வது பெரிய வித்தை இல்லை. நல்ல தரவுக் கோப்பு என்றால் ஓர் அட்டவணை, ஓர் எலிக்கு ஒரு வரி. எலியின் எண், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, மரபு வகையும் கிளையும், எந்தத் தாயின் எந்த ஈற்று, எந்தக் கூண்டு, எந்தக் குழு, சோதித்த தேதியும் நேரமும், சோதித்தவர் யார் என்பதற்கு ஒரு குறியீடு, எல்லா அளவுகளும், கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் ஏன் என்று ஒரு சொல். விடப்பட்ட எலியின் வரியும் கோப்பில் இருக்க வேண்டும், அழித்துவிடக் கூடாது. அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, எந்த அலகு என்று தனியாக ஒரு குறிப்பு. கணக்குப் போட்ட கணினி நிரலையும் கூடவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஸெனோடோ, டிரையட், ஃபிக்ஷேர் போன்ற களஞ்சியங்களில் ஏற்றினால் நிரந்தர முகவரி கிடைத்துவிடும், மாணவர் போனாலும் கணினி உடைந்தாலும் தரவு அங்கேயே இருக்கும்.

வீடியோக்கள் பெரிய கோப்புகள், எல்லாவற்றையும் ஏற்றுவது சிரமம் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் முடிந்தவரை வைத்திருப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. 2018-ல் வந்த டீப்லேப்கட் போன்ற இலவச மென்பொருள்கள் எலியின் மூக்கு, காது, வால் என்று ஒவ்வொன்றையும் வீடியோவில் பின்தொடர்கின்றன, அதனால் பழைய வீடியோவிலிருந்து அன்று யாரும் நினைத்தே பார்க்காத கேள்விக்கு இன்று பதில் எடுக்கலாம், இதற்காக ஒரு எலியைக்கூடப் புதிதாகக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி முதல், தன்னிடம் நிதி கேட்பவர்கள் தரவை எப்படிப் பராமரித்துப் பகிர்வார்கள் என்ற திட்டத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. விதி வந்தால் மட்டும் பழக்கம் மாறிவிடாது, கேட்கிறவர்களும் இருக்க வேண்டும். நீங்கள் மாணவராக இருந்து உங்களுக்குப் பிடித்த கட்டுரையில் தரவு இணைப்பு இல்லையென்றால், ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "தரவு அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வருவது கடினம். எந்தப் படம், எந்த அளவு என்று சொல்லி, எலிக்கு ஒரு வரியாக உள்ள அட்டவணையைக் கேளுங்கள், ஈற்று எண்ணும் கூண்டு எண்ணும் இருந்தால் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு, அவர்களுடைய தரவுப் பகிர்வு விதியைக் குறிப்பிட்டு எழுதலாம்.